இரவுக்குச் சோறு வேண்டாம்

டயட்டீஷியன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குக் கொடுத்திருக்கும் நோயாளி பாரத்தில் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ‘பழக்கங்கள்: உண்டு / இல்லை’ என்று ஒரு வரி இருக்கும். பழக்கம் என்றால் எது என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாம் கேட்போம். எதிரே உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் இருக்கும் சம்சாரத்தைப் பார்ப்பார். அந்த அம்மா தரையைப் பார்ப்பார். ‘இல்லை’யில் டிக் விழும். இருபத்தாறு வருஷம் அப்படி டிக் அடித்தவள் நான். அதில் ஒரே ஒரு டிக்கைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன்.

புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். எந்த அரிசியில் எவ்வளவு கலோரி என்று என்னிடம் வந்து கேட்காதீர்கள், எனக்கு அலுத்துவிட்டது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருந்தேன். புதன்கிழமைகளில் சிதம்பரத்தில் இருந்த கிளைக்குப் போவேன். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ‘சோறு வேணாம்னு சொல்ற மேடம்’ என்றுதான் வார்டில் எனக்குப் பேர். கேலிதான். ஆனால் எனக்கு அதில் பெருமையும் இருந்தது. நான் ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்த வீட்டில் இரவில் சோற்றுப் பானை ஏறாது என்று மார்தட்டிக்கொண்டு திரிந்த காலம் அது.

2007இல் ஒருவர் வந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், நம் தொழிலில் அது கூடாது. டிரைவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். நூற்று நான்கு கிலோ. சுகர் வேறு. எங்கள் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று என்னிடம் அனுப்பியிருந்தார். சுகரைவிடப் பெரிய கவலை ஒன்று அவருக்கு இருந்தது.

“தொப்ப ஸ்டீயரிங்ல இடிக்குதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு மேடம். ஆறு மாசம் டைம் குடுத்துருக்காரு. கொறைக்கலன்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துட்டு என்னைய ஷெட்டுக்கு அனுப்பிருவாராம். இருவது வருஷமா இந்த ரூட்ல ஓட்டுறேன். இப்ப போயி டயர் உருட்டவா நானு?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் அவர் சம்சாரம், மடியில் ஒரு நீள நோட்டோடு உட்கார்ந்திருந்தார். திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீடு, இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் படிக்கின்றன. இவர் ஸ்டீயரிங்கை விட்டால் அந்த வீடு தடுமாறிப்போகும். அது எனக்கு நன்றாகவே புரிந்தது.

மூன்றாம் பக்கத்துக்கு வந்தேன். “பழக்கம் ஏதாவது உண்டா?”

“அய்யய்யோ, அதெல்லாம் கெடையாது மேடம்,” என்று சம்சாரம் முந்திக்கொண்டார். “டிரைவர் வேலையாச்சே.” டிரைவர் தலைக்கு மேல் ஓடும் ஃபேனைப் பார்த்தார்.

நான் டிக் அடித்தேன். அந்த அம்மாவை ஒரு நிமிஷம் வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் தனியாகக் கேட்டிருக்கலாம். அது எனக்குத் தெரியாததில்லை. பெண்டாட்டி பக்கத்தில் இருக்கும்போது எந்த ஆம்பளை உண்மையைச் சொல்வான்? ஆனால் கதவுக்கு வெளியே கூட்டம் நின்றது, எனக்கும் பசி. ‘இல்லை’ என்று போட்டால் ஒரு பக்கம் சீக்கிரம் முடியும்.

அவருடைய அட்டையில் சிவப்பு மையால் எண்பது என்று எழுதி வட்டம் போட்டேன். அதுதான் அவர் வர வேண்டிய எடை. இரவுக்குச் சோறு வேண்டாம், இரண்டு சப்பாத்தி போதும் என்று சம்சாரத்திடம் கறாராகச் சொன்னேன். “அழுதாலும் போடாதீங்கம்மா.” அந்த அம்மா அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார். அப்புறம் மாற்றுக் கணக்கு. கல்யாண வீட்டில் இரண்டு வடை சாப்பிட்டுவிட்டால் அடுத்த வேளையில் இட்லியைக் குறைத்துக்கொள்வது, டீயில் சர்க்கரை போட்டால் வேறெதையாவது விடுவது. எல்லோருக்கும் நாம் சொல்லிக்கொடுப்பதுதானே. டிரைவர் அதைக் கற்பூரமாய்ப் பிடித்துக்கொண்டார்.

நல்ல மனுஷன். பேச்சும் நல்ல பேச்சு. எடை பார்க்கும் மிஷினில் ஏறும் முன் பெல்ட், செல்போன், சாவிக்கொத்து எல்லாவற்றையும் என் மேஜையில் அடுக்கிவிட்டு, “வாட்சையும் கழட்டிட்டேன். வேற என்னா கழட்டணும், சொல்லுங்க டாக்டரம்மா,” என்பார். “நான் டாக்டர் இல்லய்யா,” என்பேன். “எனக்கு நீங்கதான் டாக்டரு,” என்பார். இந்த மாதிரி ஒருவர் சொன்னால் உச்சி குளிரத்தான் செய்யும். உங்களுக்கும் குளிரும், ஜாக்கிரதையாக இருங்கள்.

அவருக்கு ஒருநாள் வண்டி, மறுநாள் ரெஸ்ட். அதனால் ஒரு புதன் விட்டு ஒரு புதன் நான் சிதம்பரம் போவது அவர் பஸ்ஸாக இருக்கும். எனக்கென்று முன் சீட்டில் துண்டு போட்டு வைத்திருப்பார். ஆலப்பாக்கம் தாண்டியதும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, காலையில் என்ன சாப்பிட்டார் என்று ஒப்பிப்பார். மொத்த பஸ்ஸும் கேட்கும்.

இரண்டாம் மாசம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கி ஆட்டோவைத் தேடிக்கொண்டிருந்தேன். இன்ஜினை நிறுத்திவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

“மேடம், ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். நம்ம மச்சான் ஒருத்தன் கேக்கச் சொன்னான். இந்த பிராந்தியில கொழுப்பு இருக்கா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கொழுப்பெல்லாம் இல்லன்னு சொல்லுங்க உங்க மச்சான்கிட்ட. கூட வச்சிக்கிட்டுத் திங்கிறாரே மிக்சரு, ஆம்லெட்டு, வறுத்த கோழி, அதுலதான் இருக்கு எல்லாம். ஆனா பிராந்திலயும் கலோரி உண்டு. அதுக்கும் கணக்கு இருக்கு.”

“ஆக, சைடு டிஷ்தான் வில்லன்.”

“ஆமா, வில்லன்.”

ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டேன். பரீட்சையில் எழுதினால் முழு மார்க் கிடைக்கும் பதில் அது. ஆனால் அங்கே மச்சான் எவனும் இல்லை. பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரிந்தது. தெரிந்ததை ஆட்டோவில் ஏறும்போதே உதறிவிட்டேன். திரும்பி நின்று, “ரெஸ்ட் அன்னைக்குக் குடிப்பீங்களா? சுகர் மாத்திரைய என்ன பண்றீங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். சொல்வதற்குத்தான் வந்திருந்தார்.

அதற்குப் பிறகு எடை மளமளவென்று இறங்கியது. நான்காம் மாச முடிவில் தொண்ணூற்று மூன்று. சம்சாரத்தின் நோட்டைப் புரட்டினால் ஒரு தப்பு கிடையாது. தாளித்த எண்ணெய் முதற்கொண்டு எழுதி வைத்திருந்தார். என்ன, அது சாப்பாட்டு நோட்டு. அதில் பிராந்தியை எழுத வேண்டும் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்காது, தோன்றியிருந்தாலும் எழுதியிருக்க மாட்டார். நான் அவருடைய அட்டையை மற்ற நோயாளிகளிடம் தூக்கிக் காட்டினேன். “இவரைப் பாருங்க. இருபது வருஷமா உட்கார்ந்தே வேலை பாக்குறவரு.” என்ன திமிர் எனக்கு! எப்படி இவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று ஒரு தடவையாவது சந்தேகப்பட்டேனா? எண் இறங்கினால் போதும் என்று இருந்துவிட்டேன்.

ஐந்தாம் மாசம், ஒரு புதன்கிழமை. அன்று பஸ்ஸில் வேறு டிரைவர், இவருக்கு ரெஸ்ட். சிதம்பரத்தில் பகல் ஒன்றரை மணி இருக்கும். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள், உள்ளே ஒரு அம்மா ‘நான் ஒண்ணுமே சாப்புடல, ஆனா எடை ஏறுது’ என்று வாதாடிக்கொண்டிருந்தார். செல்போன் அடித்தது. டிரைவர் சம்சாரம்.

“மேடம், உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். அவரு குடிப்பாரு மேடம். ரெஸ்ட் அன்னைக்கு மட்டும். வண்டிக்குப் போற அன்னைக்குத் தொட மாட்டாரு, சாமி சத்தியமா.” மூச்சு வாங்கியது. “இன்னைக்கு வந்து படுத்தவருதான். எழுப்புனா ஏந்திரிக்க மாட்றாரு. என்னமோ ஒளர்றாரு. சட்டையெல்லாம் நனைஞ்சி கெடக்கு. காலைலேர்ந்து மாத்திரையத் தவிர ஒண்ணும் வாயில வைக்கல. சோத்தக் கரைச்சி கொஞ்சம் ஊத்தட்டா மேடம்?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதை மறைக்க மாட்டேன். ஐந்து மாசமாக என்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள் புருஷனும் பெண்டாட்டியும். ஊரெல்லாம் காட்டிய அட்டை! அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

“இப்ப வந்து சொல்றீங்களேம்மா, நல்லாருக்கா இது? போதைல இருக்கறவருக்கு வாயில எதையும் ஊத்தாதீங்க, பொரையேறிடும். சோறும் வேணாம் ஒண்ணும் வேணாம். தூங்கட்டும். தெளிஞ்சதும் ரெண்டு பேரும் வாங்க, நான் பேசிக்கிறேன்.”

“சரிங்க மேடம்,” என்று வைத்துவிட்டார்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அதுவும் சரியான பதில்தான். இரண்டாவது தடவையும் முழு மார்க்.

அந்த அம்மா சொன்னதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். மாத்திரை போட்டிருக்கிறார். சாப்பிடவில்லை. குடித்திருக்கிறார். சட்டை நனைய வேர்த்திருக்கிறது. நான்கும் என் காதில் விழுந்தன. போதையில் படுத்தவனுக்கு ஏன் இப்படி வேர்க்கிறது என்று நினைக்க டாக்டராக இருக்க வேண்டியதில்லை. மாத்திரை சுகரை இறக்கிக்கொண்டே போகிறது. வயிற்றில் ஒன்றும் இல்லை. உடம்பு தன் கையிருப்பிலிருந்து எடுத்துச் சமாளிக்கப் பார்க்கும், சாராயம் அதையும் கட்டிப்போட்டுவிடும். இது போதை மயக்கம் இல்லை. மூளைக்குச் சுகர் போகவில்லை. ‘உடனே ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவர் வீட்டிலிருந்து மஞ்சக்குப்பம் பத்து நிமிஷம்.

அந்த அம்மா நான் சொன்னபடியே செய்தார். கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, தூங்கவிட்டார். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியக் கூடாதே என்ற வெட்கம் வேறு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அப்பாவை உலுக்கிய பிறகுதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்போது மணி ஆறு.

நான் சிதம்பரத்திலிருந்து திரும்பி, ரிப்போர்ட் வைக்க மருத்துவமனைக்குள் நுழைந்தபோது கேஷுவால்டி வாசலில் அந்த நீள நோட்டு கிடந்தது. உள்ளே ஓடினேன். அவரைக் கட்டிலில் போட்டிருந்தார்கள், பிராந்தி வாடை கதவு வரைக்கும் வந்தது. டியூட்டியில் இருந்த இளம் டாக்டர், “தண்ணி கேஸ். டிரிப்ஸ் போட்டு ஓரமா தள்ளுங்க,” என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாராம். அங்கே ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். யாரிடமும் அதிகம் பேச மாட்டார். அவர்தான் ஒன்றும் சொல்லாமல் விரலைக் குத்திப் பார்த்திருக்கிறார். மிஷினில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவுக்குக் கீழே போயிருந்தது. நான் நுழையும்போது ஊசியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

கண் திறந்தார். ஆனால் எங்களைத் தெரியவில்லை. மறுநாளும் தெரியவில்லை. பத்து நாள் கழித்து உட்கார்ந்தார், கொடுத்ததை மென்றார், பேச்சு வரவில்லை. இதற்கு மேல் பெரிதாகத் திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் அவரோடு ஓடும் கண்டக்டர் வந்து வராண்டாவில் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். “எல்லாம் கரெக்டா இருந்தாரே மேடம்! சைடு டிஷ்ஷ தொடவே மாட்டாரு. நாங்க ஆம்லெட்டு சொன்னா, ‘டேய் மச்சான், எங்க மேடம் சொல்லிட்டாங்க, சரக்குல கொழுப்பு இல்ல, சைடு டிஷ்தான் வில்லன்’னு தள்ளி வச்சிருவாரு. கலந்துக்க வெறும் தண்ணிதான். காலைல நாலு இட்லிய வுட்டா ஒரு குவார்ட்டருக்கு சரியாப் போச்சுன்னு கணக்கு சொல்வாரு. உங்க கணக்குதான் மேடம்.”

ஆமாம், என் கணக்குதான். வேறு யாருடையது?

அன்று மதியம் அந்த சிஸ்டரிடம் மட்டும் போய்ச் சொன்னேன். போன் வந்ததை, நான் சொன்னதை, எல்லாவற்றையும். அவர் ஊசி டிரேயைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில், “கோவம் வந்துச்சா?” என்றார்.

“வந்துச்சு சிஸ்டர்.”

“எனக்கும் வரும். அந்த வாடை அடிச்சாலே பத்திக்கிட்டு வரும். எங்க வூட்லயும் ஒரு ஆளு இருந்துச்சி. ஆனா நான் விரலக் குத்திட்டுத்தான் கோவப்படுவேன்.”

ஆறுதல் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. உங்களுக்கு நான் சொல்ல வந்த பாடம் இதுதான் என்று இங்கேயே நிறுத்திவிடலாம். படிப்பவர்களுக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் நான் அதற்குப் பிறகு செய்தது இன்னும் கேவலம்.

அந்த போன் வந்ததை நான் கேஸ் ஷீட்டில் எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை, அந்த அம்மாவும் யாரிடமும் சொல்லவில்லை. அவர் வார்டில் இருந்த மூன்று வாரமும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. மற்ற கட்டில்களுக்குப் போக வேண்டியிருந்தால் பின்வழியாகச் சுற்றிப் போவேன். டிஸ்சார்ஜ் அன்று உணவுச் சீட்டு கேட்டு ஃபைல் வந்தது. புதிதாக உட்கார்ந்து எழுத வேண்டும், அந்த அம்மாவைக் கூப்பிட்டு விளக்க வேண்டும். முகத்தில் எப்படி முழிப்பது? ஃபைலில் ‘பழையபடியே தொடரவும்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அவர்கள் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, புவனகிரிப் பக்கம் அந்த அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பஸ்ஸில் வேறு டிரைவர் நிரந்தரமாக வந்துவிட்டார். நான் அரசு பஸ்ஸில் போக ஆரம்பித்தேன்.

எட்டு மாசம் கழித்து, 2008இல், ஒரு புதன்கிழமை. சிதம்பரத்தில் கதவைத் திறந்துகொண்டு அந்த அம்மா வந்தார். பின்னால் டிரைவரைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு மூத்த பெண். சட்டை தொளதொளவென்று தொங்கியது. கன்னம் ஒட்டியிருந்தது. நான் எழுந்து நின்றேன். எட்டு மாசமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்த வார்த்தைகள் என்னிடம் இருந்தன. ‘அம்மா, அன்னைக்குப் போன்ல நான் சொன்னது தப்பு. நீங்க சோத்துத் தண்ணி ஊத்தட்டான்னு கேட்டீங்களே, அப்பவே நான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கணும்.’

“மொதல்ல வெயிட்டு பாத்துருங்க மேடம்,” என்றார் அந்த அம்மா.

பெண் அவரை மிஷினில் ஏற்றினாள். கழற்றி வைக்க அவரிடம் பெல்ட்டும் இல்லை, சாவியும் இல்லை. முள் ஆடி நின்றது. எண்பது.

அந்த அம்மா பையிலிருந்து என்னுடைய பழைய அட்டையை எடுத்தார். தண்ணீர் பட்டுச் சிவப்பு மை கொஞ்சம் கலங்கியிருந்தது. மேஜையில் வைத்து, வட்டத்தின் மேல் விரலை வைத்தார். முகத்தில் கோபமோ குத்தலோ எதுவும் இல்லை. அது இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

“நீங்க போட்ட எண்பது வந்துடுச்சி மேடம். இனிமே நைட்டுக்கு சோறு போடலாமா? நீங்க வேணாம்னதுலேர்ந்து ஒரு நாளும் போடல. ரெண்டு சப்பாத்தியத் தண்ணில ஊற வச்சித்தான் குடுக்குறோம். வாய்விட்டுக் கேக்க மாட்டாரு. ஆனா புள்ளைங்க சாப்புடறப்ப அதுங்க தட்டையே பாத்துக்கிட்டு இருப்பாரு.”

“போடுங்கம்மா,” என்றேன். “இன்னைக்கே போடுங்க.”

“எழுதிக் குடுத்துருங்க மேடம். வாய்ப்பேச்சுல நான் எதையும் மாத்துனதில்ல.”

அட்டையை இழுத்து, எண்பதுக்குக் கீழே எழுதினேன்: இரவு, சோறு, வயிறு நிறைய. அந்த அம்மா அதைத் தன் பெண்ணிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.